ஒரு நாயின் பேச்சுக்காக வரைந்த எழுத்து: காமிக் சான்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1994 அக்டோபர். மைக்ரோசாஃப்டில் எழுத்துரு வேலை பார்த்துக்கொண்டிருந்த வின்சென்ட் கொனேரின் கைக்கு, இன்னும் வெளிவராத ஒரு மென்பொருளின் சோதனைப் பதிப்பு வந்தது. பெயர் மைக்ரோசாஃப்ட் பாப். கணினி என்றாலே தயங்குகிறவர்களுக்காகச் செய்தது அது. மெனு வரிசைகளுக்குப் பதிலாகத் திரையில் ஒரு வீடு, வீட்டுக்குள் அறைகள், அறைக்குள் கடிகாரம், கடிதத்தாள். எதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று சொல்லித்தர ரோவர் என்று ஒரு கார்ட்டூன் நாய். நாயின் தலைக்கு மேலே பேச்சுக்குமிழி. குமிழிக்குள்ளே டைம்ஸ் நியூ ரோமன்.

கொனேரின் கண்ணை உறுத்தியது அந்தக் கடைசி விஷயம்தான். டைம்ஸ் நியூ ரோமன் 1932இல் லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்காக வந்த எழுத்து. தலையங்கத்துக்கு ஏற்ற குரல் அதற்கு உண்டு. வாலாட்டிக்கொண்டு பேசுகிற நாய்க்கு அந்தக் குரலைக் கொடுத்தால், படமும் எழுத்தும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். கொனேர் வேறோர் எழுத்தை வரைய உட்கார்ந்தார். அதுதான் பிற்பாடு காமிக் சான்ஸ் ஆனது.

விளையாட்டுத்தனமான, கையால் வரைந்த எழுத்துருக்களைப் பற்றி எழுதச் சொன்னால் அழகான புதுசுகள் எத்தனையோ உண்டு. நான் இதையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஒரு எழுத்துருவுக்கு நேரக்கூடிய நல்லது கெட்டது எல்லாமே இதற்கு நேர்ந்திருக்கிறது. நாள் முழுக்க ஃபாண்ட்களோடு புழங்குகிறவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனக்கென்று கொடுத்த வேலைக்கு இந்த எழுத்து கச்சிதமாகப் பொருந்தும். அந்த வேலை என்ன என்று தெரியாதவர்கள் கையில் அது போய்ச் சேர்ந்ததில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பித்தது.

மவுஸ் பிடித்து வரைந்த கோடு

கொனேர் தன்னிடம் இருந்த காமிக்ஸ் புத்தகங்களைப் புரட்டினார். ‘வாட்ச்மென்’, ‘த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ இரண்டும் அதில் அடக்கம். அவற்றின் குமிழிகளில் இருந்தது லெட்டரிங் கலைஞர்கள் பேனா பிடித்து எழுதிய எழுத்து. அதை அவர் ஸ்கேன் எடுத்து மேலேயே கோடிழுக்கவில்லை. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே, எழுத்துரு செய்யும் மென்பொருளுக்குள் மவுஸால் ஒவ்வொன்றாக வரைந்தார். மணிக்கட்டு சுழலும்போது பேனாவில் தானாக வந்துவிடுகிற வளைவு மவுஸில் வராது. அந்த லேசான விறைப்பும் தயக்கமும் காமிக் சான்ஸில் இன்றைக்கும் தெரியும். பழகிய ஓவியரின் கைவீச்சைவிட, நிதானமாக, அழகாக எழுத வேண்டும் என்று முயல்கிற ஒருவரின் கையெழுத்துக்குத்தான் அது கிட்டத்தில் நிற்கிறது. அதன் வசீகரத்தில் பாதி அங்கேயிருந்து வருவதாகவே நினைக்கிறேன்.

இன்னொன்று. ஆங்கிலக் காமிக்ஸ் லெட்டரிங் பெரும்பாலும் பெரிய (கேப்பிட்டல்) எழுத்துகளிலேயே இருக்கும். சின்ன எழுத்துகளுக்கு அங்கே அதிகம் முன்மாதிரி கிடையாது. ஆனால் திரையில் நாய் நீளமான வாக்கியங்கள் பேச வேண்டியிருந்தது. எல்லாம் பெரிய எழுத்தில் வந்தால் நாய் கத்துவது போல இருக்கும். அதனால் சின்ன எழுத்து வரிசைக்கு அவர் தாமாகவே ஒரு கை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று காமிக் சான்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருகிற உருண்டையான சின்ன எழுத்துகள் எந்தக் காமிக்ஸிலிருந்தும் எடுத்தவை அல்ல.

திரையையும் மறக்கக் கூடாது. அன்றைய கணினித் திரையில் 12 புள்ளி (பாயின்ட், எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) எழுத்துக்கு மொத்தம் 16 பிக்சல் உயரம்தான் கிடைக்கும். அதில் சின்ன எழுத்தின் உடம்புக்கு ஏழோ எட்டோ பிக்சல். கோட்டின் தடிமன் ஒரே ஒரு பிக்சல். ஓரங்களைச் சாம்பல் நிறத்தால் மழுப்பி வழவழப்பாகக் காட்டும் வித்தை அப்போது பரவலாகவில்லை. பிக்சல் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. இந்த நெருக்கடியில் டைம்ஸ் நியூ ரோமனின் தடித்த கோடு, மெல்லிய கோடு, நுனியில் இருக்கும் சின்னப் பாதம் எல்லாம் நசுங்கிப்போகும். தடிமன் மாறாத, பாதம் இல்லாத, திறந்த வளைவுகள் கொண்ட ஓர் எழுத்து அங்கே சுத்தமாக நிற்கும். காமிக் சான்ஸ் அப்படி நின்றது. அதன் கோணல்கள் அந்த அளவில் ஒன்றிரண்டு பிக்சல் தள்ளிவைத்ததாகத்தான் தெரியும், ஒரு சின்னத் துள்ளல் மாதிரி.

இதே எழுத்தை 200 புள்ளியில் பேனராக அச்சடித்தால் கதையே வேறு. திரையில் பிக்சலுக்குள் மறைந்திருந்த ஒவ்வொரு தள்ளாட்டமும் சுவர் அளவுக்கு வளர்ந்து முன்னால் வந்து நிற்கும். கோணல் என்று ஜனங்கள் குறை சொல்வது பெரும்பாலும் இந்தப் பெரிய அளவைப் பார்த்துத்தான்.

பாபில் ஏறாத ரயில்

வேடிக்கை என்னவென்றால், யாருக்காக வரைந்தாரோ அந்த நாய்க்கு இந்த எழுத்து கிடைக்கவில்லை. பாபின் குமிழிகள், பெட்டிகள் எல்லாம் டைம்ஸ் நியூ ரோமனின் அளவுக்குக் கணக்குப் போட்டு முடித்தவை. காமிக் சான்ஸ் அதைவிடக் கொஞ்சம் பெரிசு, அகலமும் கூட. வரி குமிழியை விட்டு வெளியே போனது. அளவுகளை மாற்ற நேரம் இல்லை. 1995 மார்ச்சில் பாப் பழைய எழுத்தோடே வெளிவந்து, ஓராண்டு போல ஓடி, ஓய்ந்தது. ரோவர் மட்டும் பிழைத்துக்கொண்டு பிறகு விண்டோஸ் எக்ஸ்பியின் தேடல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிற யாருக்கும் இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. கையெழுத்துப் பாணி ஃபாண்ட்கள் ஒரே புள்ளி அளவில் ஒன்றுக்கொன்று ஏகத்துக்கு வேறுபடும். ஒன்றில் 12 என்பது இன்னொன்றில் 15 போலத் தெரியும். லேஅவுட் முடிந்த பிறகு எழுத்தை மாற்றலாம் என்று நினைப்பது, தைத்து முடித்த சட்டைக்குள் வேறோர் ஆளை நுழைப்பது போலத்தான்.

காமிக் சான்ஸ் பிறகு மைக்ரோசாஃப்டின் 3டி மூவி மேக்கர் என்ற மென்பொருளுக்குப் போனது. அங்கும் பேச்சுக்குமிழிகள், அங்கே பொருந்தியது. விண்டோஸ் 95க்கான பிளஸ் தொகுப்பில் சேர்ந்தது, அப்புறம் விண்டோஸிலேயே கூட வந்தது. 1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென்று ஒரு இலவச எழுத்துருத் தொகுப்பைத் தொடங்கியது. அதில் மொத்தமே 11 குடும்பங்கள். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், வெர்டானா, ஜார்ஜியா, கொனேரே வரைந்த ட்ரெபுஷே ஆகியவற்றோடு காமிக் சான்ஸும் ஒன்று. 2010 வாக்கில் இணைய எழுத்துருக்கள் பரவும் வரைக்கும், பார்ப்பவரின் கணினியில் எது நிச்சயம் இருக்கும் என்று நம்பி எழுத இந்தக் கைக்கடக்கமான பட்டியல்தான். இதில் கையால் எழுதியது போல இருந்தது ஒன்றே ஒன்று.

சிநேகமாக ஒரு அறிவிப்பு எழுத வேண்டும், கொஞ்சம் இலகுவாகத் தெரிய வேண்டும் என்று நினைத்த கோடிக்கணக்கான பேருக்கு மெனுவில் இருந்த ஒரே கதவு அது. பிறந்தநாள் அழைப்பிதழுக்கும் அதே கதவு, கல்லறைக் கல்வெட்டுக்கும் அதே கதவு. ஃபாண்ட் மெனுவில் பெயர்தான் இருக்கும். எங்கே பயன்படும், எங்கே ஆகாது என்று குறிப்பு எதுவும் இருக்காது.

கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்

ஒரு எழுத்துருவைப் புரிந்துகொள்ள நான் செய்வது, நாலைந்து எழுத்துகளைத் தாள் முழுக்கப் பெரிதாக்கி அச்சடித்து மேசையில் பரப்புவது. காமிக் சான்ஸை அப்படிப் பரப்பினால் முதலில் கண்ணில் படுவது கோட்டின் நுனி. எல்லா நுனியும் உருண்டை. வட்ட முனை கொண்ட மார்க்கர் பேனாவைத் தாளில் வைத்து எடுத்த மாதிரி. அடுத்தது, நிமிர்ந்து நிற்க வேண்டிய கோடு எதுவும் முழுக்க நிமிர்ந்து நிற்பதில்லை. ஒன்று இடப்பக்கம் ஒரு மயிரிழை சாயும், இன்னொன்று வலப்பக்கம்.

ஆங்கிலச் சின்ன ‘ஏ’யைப் பாருங்கள். அச்சு எழுத்துகளில் பலவற்றில் அது மேலே ஒரு கொக்கியோடு இரண்டடுக்காக இருக்கும். இதில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். குழந்தை சிலேட்டில் எழுதப் பழகுகிற அதே வடிவம். பெரிய ‘ஐ’க்கு மேலும் கீழும் குறுக்குக் கோடு உண்டு, அதனால் சின்ன ‘எல்’லோடு குழம்பாது. ஏரியலில் இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குச்சி. சின்ன ‘பி’ (b), ‘டி’ (d) இரண்டும் பல எழுத்துருக்களில் கண்ணாடியில் திருப்பிப் பார்த்த பிம்பங்கள். ஒன்றை வரைந்து திருப்பிப் போட்டால் மற்றது கிடைத்துவிடும். இங்கே இரண்டும் தனித்தனியாக வரைந்தவை, அச்சு அசலான பிம்பம் இல்லை.

சரி, குறை எங்கே? எழுத்துகளுக்கு நடுவில். ஒரு சொல்லைப் பெரிதாக அடித்துப் பாருங்கள்: சில ஜோடிகள் முட்டிக்கொள்ளும், சில ஜோடிகளுக்கு நடுவே காற்று வீசும். மொத்தத்தில் இடைவெளி தாராளம், ஆனால் சீராக இல்லை. பத்தியாக வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சாம்பல் நிறம் ஒரே மாதிரி விழாமல் திட்டுத் திட்டாக இருக்கும். கையால் எழுதினவர் ஒவ்வொரு இடைவெளியையும் அந்தந்தச் சமயத்தில் சரிசெய்துகொண்டே போவார். எழுத்துரு அப்படிச் செய்யாது. ஒவ்வொரு ஜோடிக்கும் யாராவது உட்கார்ந்து முன்கூட்டியே கணக்குக் கொடுத்து வைக்க வேண்டும். கோணலான எழுத்துக்குத்தான் இந்த வேலை அதிகம். நேரான எழுத்துகளை வரிசையாக நிறுத்துவது சுலபம், ஆடுகிற எழுத்துகளை ஆட்டம் தெரியும்படி, ஆனால் தடுமாறாதபடி நிறுத்துவது கஷ்டம்.

அடுத்த குறை இந்த ஒரு எழுத்துருவோடு நிற்பதில்லை. கையால் எழுதும்போது ஒரே எழுத்து இரண்டாம் முறை வந்தால் வேறு மாதிரி வரும். எழுத்துருவில் அச்சுப் பிசகாமல் அதே எழுத்து. ஒரு சொல்லில் இரட்டை ‘எல்’ வந்தால், இரண்டும் ஒரே இடத்தில் ஒரே அளவு நெளியும். ஒரு நெளிசல் இருந்தால் அது கை. பக்கத்திலேயே அதே நெளிசல் மறுபடி வந்தால் அது ரப்பர் ஸ்டாம்ப். இதை மாற்ற முயன்றவர்களில் எரிக் வான் பிளாக்லண்ட், ஜஸ்ட் வான் ராசம் இருவரும் முன்னோடிகள். 1990இல் வெளியான அவர்களுடைய பியோவுல்ஃப் எழுத்துருவில், அச்சடிக்கும் நேரத்தில் பிரிண்டரே எழுத்தின் விளிம்புப் புள்ளிகளைத் தாறுமாறாக நகர்த்தும். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு முறையும் வேறு. இன்றைய ஓபன்டைப் எழுத்துருக்களில் வழி இன்னும் எளிது: ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு வடிவம் வரைந்து வைத்து, முன்னால் எந்த வடிவம் வந்தது என்று பார்த்து அடுத்ததை மாற்றிப் போடும் விதியை எழுத்துருவுக்குள்ளேயே எழுதிவிடலாம். கையெழுத்துப் பாணி ஃபாண்ட் ஒன்றை வாங்கும் முன் ஒரே எழுத்தை வரிசையாகப் பத்து முறை தட்டிப் பார்ப்பது என் வழக்கம். பத்தும் ஒன்றுபோல வந்தால் அதை மூன்று நான்கு சொற்களுக்கு மேல் பயன்படுத்த மாட்டேன்.

வெறுப்பு எப்படி வந்தது

1999இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டேவ் கோம்ஸ், ஹாலி கோம்ஸ் என்ற வடிவமைப்பாளர் இருவர் ஒரு சிறுவர் அருங்காட்சியகத்துக்கான வேலையில் இருந்தார்கள். காமிக் சான்ஸையே போடச் சொல்லி மேலிடத்திலிருந்து வற்புறுத்தல். அந்தக் கடுப்பில் 2002இல் ‘காமிக் சான்ஸைத் தடை செய்’ என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அது உலகம் சுற்றியது. அவர்களின் அடிப்படைக் கேள்வி நியாயமானது: எழுத்துக்கும் ஒரு தொனி உண்டு, சொல்லும் தொனியும் ஒத்துப்போக வேண்டாமா? ஆனால் கேள்வி பரவப் பரவ, தொனி என்ற பேச்சு போய், எழுத்தே மட்டம் என்ற பேச்சு மட்டும் மிஞ்சியது. கொனேர் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும். இதை நேசிக்கிறவருக்கு எழுத்துக்கலை அவ்வளவாகத் தெரியாது, இதை வெறுக்கிறவருக்கும் அவ்வளவாகத் தெரியாது என்கிற பொருளில் அவர் பேசியிருக்கிறார்.

தொனி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஜூலையில் நடந்த ஒன்று போதும். லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் கூடைப்பந்து அணியை விட்டு மயாமிக்குப் போவதாக அறிவித்த இரவு, அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். துரோகம், கோழைத்தனம் என்று கொதிக்கிற கடிதம். அது இணையத்தில் வந்தது காமிக் சான்ஸில். கோபத்தைப் பற்றிப் பேச வேண்டிய ஜனங்கள் எழுத்துருவைப் பற்றிப் பேசினார்கள். ரோவரின் குமிழியில் நடந்த அதே பிசகுதான், தலைகீழாக: அங்கே நாய்க்குத் தலையங்கக் குரல், இங்கே சீற்றத்துக்குக் கார்ட்டூன் குரல்.

2012 ஜூலை 4 கொஞ்சம் வேறு மாதிரி. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் அட்லஸ் குழுவின் சார்பில் ஃபாபியோலா ஜனோட்டி, ஹிக்ஸ் துகள் போன்ற ஒன்று கிடைத்திருப்பதை அறிவித்தார். அரை நூற்றாண்டுத் தேடலின் முடிவு. ஸ்லைடுகள் முழுக்கக் காமிக் சான்ஸ். அதற்கும் கேலி வந்தது. இந்த இடத்தில் நான் ஜனோட்டி பக்கம். ஒரு விஞ்ஞானி சக விஞ்ஞானிகளிடம் பேசுவதற்காகத் தன் கையால் தயாரித்த ஸ்லைடு அது, நிறுவனத்தின் கல்வெட்டு இல்லை. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி விளக்குகிற குரலுக்குப் பக்கத்தில்தான் அந்த எழுத்தும் நிற்கிறது. செர்ன் பிறகு 2014 ஏப்ரல் 1 அன்று, இனி எல்லாமே காமிக் சான்ஸில்தான் என்று ஒரு ஏப்ரல் ஃபூல் அறிவிப்பும் வெளியிட்டது.

வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு எழுதும்போது ஏரியல், காமிக் சான்ஸ் போன்ற பாதமில்லாத எழுத்துகளைப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. 12 முதல் 14 புள்ளி, தாராளமான வரி இடைவெளி என்றும் கூடவே சொல்கிறது. குழம்பாத ‘ஐ’, ‘எல்’, தனித்தனியாக வரைந்த ‘பி’, ‘டி’ ஆகியவற்றை இதற்குக் காரணமாகப் பலர் காட்டுவார்கள். இடைவெளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். எழுத்துகளுக்கு நடுவே வழக்கத்தைவிட அதிக இடம் விட்டால் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் வேகமாகவும் பிழை குறைவாகவும் வாசித்தார்கள் என்று 2012இல் இத்தாலி, பிரான்ஸ் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு காட்டியது. காமிக் சான்ஸ் இயல்பிலேயே தள்ளித் தள்ளி நிற்கிற எழுத்து.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு ஆய்வை இழுத்துவந்து பேசுவார்கள். படிக்கச் சிரமமான எழுத்தில் பாடத்தைக் கொடுத்தால் நன்றாக நினைவில் நிற்கிறது என்று 2011இல் வெளியானது அது. சிரமமான எழுத்துகளில் ஒன்றாகக் காமிக் சான்ஸை வைத்திருந்தார்கள். ஆனால் அது 12 புள்ளியில், 60 சதவீதச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒப்பிட்டது 16 புள்ளிக் கறுப்பு ஏரியலோடு. சிரமம் எங்கிருந்து வந்தது, நிறத்திலிருந்தா, அளவிலிருந்தா, எழுத்திலிருந்தா என்று பிரிக்கவே முடியாது. பிற்பாடு செய்த பல ஆய்வுகளில் அந்த விளைவு திரும்பக் கிடைக்கவும் இல்லை. இதை வைத்துக் காமிக் சான்ஸுக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ கொடுப்பது சரியில்லை.

வாரிசுகளும் உண்டு. 2014இல் கிரெய்க் ரோஸின்ஸ்கி காமிக் நியூவை இலவசமாக வெளியிட்டார். அதே சாயல், ஆனால் கோடும் இடைவெளியும் சீர்செய்தவை. தோஷி ஒமகாரியின் காமிக் கோட், நிரல் எழுதுகிறவர்களுக்காக எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் அமைந்தது. ஒரு எழுத்து மாறினாலும் நிரல் உடைந்துபோகும் இடத்தில், எழுத்துக்கு எழுத்து தெளிவாக வேறுபடும் இந்தக் கை உதவியாக இருக்கிறது.

என் மேசையில்

சில காலம் முன்பு ஒரு சிறுவர் வாசிப்பு மூலைக்கு அறிமுகத் தாள் வடிவமைத்தேன். கையெழுத்துப் பாணி எழுத்து ஒன்றைத் தலைப்பு முதல் கடைசி வரி வரை ஓட்டிவிட்டேன். பார்க்கக் குதூகலமாக இருந்தது. ஆனால் திறக்கும் நேரம், திருப்பித் தர வேண்டிய நாள் எல்லாம் அந்தக் குதூகலத்துக்குள் மூழ்கிப்போயின. ஜனங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டே நேரம் கேட்டார்கள். திருத்தும்போது எழுத்துருவை மாற்றவில்லை. தாளில் யார் பேசுகிறார்கள் என்று வரிக்கு வரி பிரித்தேன். படத்தில் இருந்த ஆந்தை பேசிய வரிகள், தலைப்பு, படத்துக்கு அடியில் உள்ள சிறு குறிப்பு, இவையெல்லாம் கையெழுத்தில். நேரம், நாள், விதிமுறை எல்லாம் சாதா எழுத்தில். குதூகலமும் போகவில்லை, நேரமும் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த வேலையிலும் இந்த எழுத்துக்கு முன்னால் கேட்கும் கேள்வி, இந்த வரியை ஒரு வாய் சொல்கிறதா, பலகை சொல்கிறதா என்பதுதான். வாய் என்றால் கையெழுத்து. கூடவே நான் பார்ப்பது அளவு: 14 முதல் 30 புள்ளிக்குள் பெரும்பாலான கையெழுத்து ஃபாண்ட்கள் நன்றாக இருக்கும், அதற்குக் கீழே அடைத்துக்கொள்ளும், மிக மேலே போனால் ஒவ்வொரு எழுத்தையும் கையால் நகர்த்தி வைக்க வேண்டியிருக்கும்.

காமிக் சான்ஸில் தமிழ் எழுத்து கிடையாது. விளையாட்டான தமிழ் எழுத்துருவை எடுக்கும்போது கவனம் வேறு இடத்துக்குப் போகிறது. ‘ஐ’க்கும் ‘எல்’லுக்கும் இருக்கிற குழப்பம் நமக்கு ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் நடுவில், ‘ர’வின் அடியில் உள்ள சாய்ந்த சின்னக் கோட்டைக் கையெழுத்தில் பலர் விட்டுவிடுகிறோம், ஆனால் எழுத்துருவில் விட்டால் கதை மாறிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி தள்ளாடலாம், ஆனால் எந்த எழுத்தின் தலையில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ரெண்டு சுழி ‘ன’வும் மூணு சுழி ‘ண’வும் குண்டு எழுத்தில் சீக்கிரம் ஒன்றாகிவிடும். அதனால் ‘மனம்’, ‘மணம்’, ‘மரம்’, ‘மாமா’ என்று நாலு சொல்லை 14 புள்ளியில் அச்சடித்து, கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். மூணாவது சுழி அடைத்துக்கொண்டால், அந்த ஃபாண்ட் தலைப்புக்கு மட்டும்.